வளையும் பீங்கான் வரட்டும்; தூசி வர வேண்டாம்!

பீங்கான் உடையும். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

கோப்பை கை தவறி விழுந்தால் சுக்கு நூறாகும். ஜாடி நசுங்கினால் இரும்புச் சட்டியைப் போலத் தட்டி நிமிர்த்த முடியாது. நசுங்கவே செய்யாது; நொறுங்கித்தான் போகும்.

ஆனால் வளையும் பீங்கான் வந்து விட்டது! அதைப் பஞ்சு போல அமுக்கலாம். கையை எடுத்தால் பழையபடி உப்பி எழும். துணி போல வளைக்கலாம். நெருப்பில் காட்டினாலும் எரியாது.

இது கட்டுக்கதை அல்ல. விஞ்ஞானிகள் செய்து காட்டிய உண்மை. இதற்குச் "செராமிக் நானோ இழை" என்று பெயர்.

"செராமிக்" என்பது பீங்கான் இனம். களிமண், மணல் போன்றவற்றையும், அலுமினியம் முதலிய உலோகங்களின் ஆக்சைடுகளையும் உயர்ந்த உஷ்ணத்தில் சுட்டுச் செய்யும் கெட்டிப் பொருள்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவை.

"நானோ" என்பது மிக நுண்ணிய அளவு. ஒரு மீட்டர் நீளத்தை 100 கோடி பங்கு போட்டால், ஒரு பங்குதான் ஒரு நானோ மீட்டர். தலைமயிரின் தடிப்பு சுமார் 80 ஆயிரம் நானோ மீட்டர். இந்தப் பீங்கான் இழையின் தடிப்போ சில நூறு நானோ மீட்டர்தான்!

நல்ல கண்டுபிடிப்பு. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் வரவேற்கும்போதே ஒரு கேள்வியையும் கேட்டு வைக்க வேண்டும்.

"இந்த இழை முறிந்து தூசியானால், அந்தத் தூசி எங்கே போகும்?"

வேறொரு இழை வந்தபோது உலகம் இந்தக் கேள்வியைக் கேட்கத் தவறியது. அதற்குக் கொடுத்த விலை, லட்சக்கணக்கான உயிர்கள்.

பீங்கான் ஏன் உடைகிறது?

பீங்கான் பலம் இல்லாத பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

பீங்கானில் உள்ள அணுக்கள் ஒன்றை ஒன்று மிகக் கெட்டியாகப் பிடித்திருக்கின்றன. அதனால்தான் அது கடினமாக இருக்கிறது. அதிக உஷ்ணத்தையும் தாங்குகிறது.

அந்தக் கெட்டிப் பிடியே அதற்குக் குறையாகவும் அமைகிறது. இரும்பை வளைத்தால் அதன் அணு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நகரும். இரும்பு நெளியும், உடனே உடையாது. பீங்கானில் அடுக்குகள் அப்படி வழுக்குவதில்லை. விட்டுக் கொடுக்கத் தெரியாத பொருள் அது.

அதோடு, பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். பொருளை இழுக்கும்போது பாரம் கீறலின் முனையில் போய்க் குவிகிறது. முனை பிளக்கிறது. கீறல் நீள்கிறது. கீறல் நீள நீள, முனையில் பாரம் இன்னும் கூடுகிறது. கண் மூடித் திறப்பதற்குள் பொருள் இரண்டாகி விடுகிறது.

புதுத் துணியைக் கையால் கிழிப்பது கஷ்டம். ஓரத்தில் கத்தரியால் ஒரு சிறு வெட்டுக் கொடுத்து விட்டால், "சர்" என்று கிழிந்து விடும். பீங்கான் உடைவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

இழுத்துப் பார்த்த இஞ்சினீயர்

இந்த விஷயத்தைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஏ. ஏ. கிரிபித் என்ற ஆங்கில இஞ்சினீயர். இங்கிலாந்தில் பார்ன்பரோ என்ற ஊரில் இருந்த அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். 1920-ம் ஆண்டில் தமது முடிவை அவர் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞான சபைக்குக் கொடுத்தார்.

கண்ணாடியும் பீங்கானைப் போல நொறுங்கும் பொருள். கிரிபித் கண்ணாடியை உருக்கி இழைகளாக இழுத்தார். தடித்த இழை, மெல்லிய இழை என்று பல தினுசு. ஒவ்வொன்றும் எவ்வளவு பாரத்தில் அறுகிறது என்று சோதித்தார்.

தடித்த இழை சுமார் 1 மில்லி மீட்டர். அது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 25 ஆயிரம் பவுண்டு என்ற கணக்கில் அறுந்தது. மிக மெல்லிய இழை, ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்குதான் இருக்கும். அது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 4 லட்சத்து 90 ஆயிரம் பவுண்டு என்ற கணக்கில் தாங்கியது!

கண்ணாடி ஒன்றுதான். ஆனால் பலம் சுமார் 20 மடங்கு!

காரணம் என்ன? பெரிய கீறலுக்குப் பெரிய இடம் வேண்டும். மெல்லிய இழையில் பெரிய கீறல் இருக்க இடம் ஏது? கீறல் சிறுத்தது, பலம் பெருத்தது.

ஒரு பொருளின் குணம் அது எதனால் ஆனது என்பதில் மட்டும் இல்லை. எவ்வளவு தடிப்பு என்பதிலும் இருக்கிறது. இதுதான் அந்தச் சோதனை சொன்ன பாடம்.

விமானத்துக்குள் பீங்கான்

இந்தப் பாடத்தை உலகம் நன்றாகவே பயன்படுத்திக் கொண்டது.

1975-ல் ஜப்பானில் தொஹோகு சர்வகலாசாலையைச் சேர்ந்த விஞ்ஞானி யாஜிமா, சிலிக்கன் கார்பைடு என்ற செராமிக்கை மெல்லிய இழையாகச் செய்து காட்டினார். அந்த வகை இழைகளைச் செராமிக்குக்கு உள்ளேயே புதைத்து, உடையாத பாகங்கள் செய்யும் தொழில் பிறகு வளர்ந்தது. கீறல் ஓடி வந்தால் இழை குறுக்கே நின்று அதைத் தடுக்கும்.

2016-ல் பிரயாணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கிய "லீப்" என்ற ஜெட் யந்திரத்தில் இத்தகைய செராமிக் பாகம் இருக்கிறது. எரியும் வாயு சீறிப் பாயும் இடத்தில் அது வேலை செய்கிறது. உலோகத்தை விட இலேசு. உஷ்ணம் தாங்குவதும் அதிகம்.

இந்த இழைகள் சுமார் 10 ஆயிரம் நானோ மீட்டருக்கு மேல் தடிப்பு உள்ளவை. நானோ இழை அதைவிடப் பல மடங்கு மெல்லியது.

மெலிந்தால் வளையும்

முழு மூங்கிலை வளைக்க முடியுமா? முடியாது. அதையே மெல்லிய பிளாச்சாகச் சீவினால்? கூடை பின்னலாம், முறம் கட்டலாம். மூங்கில் மாறவில்லை. தடிப்புதான் மாறியது.

பீங்கான் இழைக்கும் இதே நியாயம். இழையின் தடிப்பைப் பாதியாகக் குறைத்தால், அதே அளவுக்கு வளைக்க 16-ல் ஒரு பங்கு முயற்சி போதும்.

ஒரு பொருளை வளைக்கும்போது அதன் வெளிப்புறம் நீள்கிறது. சாதாரணப் பீங்கான், ஆயிரத்துக்கு ஒரு பங்கு நீண்டாலே உடைந்து விடும். ஆனால் 200 நானோ மீட்டர் தடிப்புள்ள இழையை ஒரு கடுகைச் சுற்றி வளைத்தாலும், அதன் வெளிப்புறம் அந்த அளவுக்கு நீளாது. அதனால் உடையாது.

மின்சாரம் நூற்கும் நூல்

இவ்வளவு மெல்லிய இழையை எப்படிச் செய்கிறார்கள்? ராட்டையும் வேண்டாம், கதிரும் வேண்டாம். மின்சாரமே நூற்கிறது!

செராமிக் ஆகக் கூடிய ரசாயன உப்புகளைப் பசை போன்ற திரவத்தில் கலக்கிறார்கள். அதை டாக்டர் ஊசி போன்ற குழாயில் நிரப்பி, முனையில் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் கொடுக்கிறார்கள். ஊசி முனையில் நிற்கும் துளி கூம்பாகிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய தாரை பீறிட்டுச் சுழன்று, எதிரே உள்ள தகட்டில் இழையாகப் படிகிறது.

அந்த இழையைச் சூளையில் சுடுகிறார்கள். பசை எரிந்து போகும். செராமிக் மட்டும் நிற்கும்.

சுடுவதில் பதம் வேண்டும். அதிக உஷ்ணத்தில் அதிக நேரம் வைத்தால், இழைக்கு உள்ளே இருக்கும் நுண்மணிகள் பெருத்து விடும். மணி பெருத்தால் இழை நொறுங்கும். வளையும் குணமும் போய் விடும்.

காற்றை விட இலேசு!

2017-ல் சீனாவின் பீஜிங் நகரில் உள்ள சிங்குவா சர்வகலாசாலை விஞ்ஞானிகள், செராமிக் நானோ இழைகளால் ஆன பஞ்சைச் செய்து காட்டினார்கள். அமுக்கினால் அமுங்கியது, விட்டால் எழுந்தது.

2018-ல் ஷாங்காய் நகரில் உள்ள டோங்குவா சர்வகலாசாலையினர் இன்னொரு பஞ்சு செய்தனர். 100-ல் 80 பங்கு நசுக்கினாலும் அது பழைய உருவத்துக்குத் திரும்பியது. 1,100 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்திலும் அந்தக் குணம் கெடவில்லை.

அவர்கள் செய்ததில் மிக இலேசான பஞ்சு, ஒரு லிட்டர் அளவுக்கு ஒரு கிராமில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எடை இருந்தது. ஒரு லிட்டர் காற்றே ஒரு கிராமுக்கு மேல் இருக்கும். அதாவது அந்தப் பஞ்சில் உள்ள செராமிக், அதற்குள் நிரம்பியிருக்கும் காற்றை விட இலேசு!

இதன் பயன்கள் பல. சூளைகளில் உஷ்ணம் வீணாகாமல் தடுக்கலாம். தீயணைப்பு வீரர்களின் உடையில் வைக்கலாம். ஆலைப் புகையை உஷ்ணமாக இருக்கும்போதே வடிகட்டலாம். மின்சாரக் காரின் பாட்டரியில் ஒரு செல் தீப்பிடித்தால், அடுத்த செல்லுக்குத் தீ பரவாமல் தடுக்கும் தகடாகவும் ஆகலாம். இந்த வேலைக்குச் சாதாரணச் செராமிக் இழைத் தாள் இப்போதே பயன்படுகிறது.

பலம் வேறு, வளைவது வேறு

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். "எஃகை மிஞ்சும் பஞ்சு" என்றெல்லாம் சிலர் விளம்பரம் செய்கிறார்கள். அது ஏமாற்று வார்த்தை.

தனி இழை பலமானதுதான். ஆனால் பஞ்சு முழுவதும் பலமானது அல்ல. அதில் பெரும் பகுதி காற்று. இழைகள் ஒன்றை ஒன்று தொடும் இடங்கள் வழுக்கும்; பிரியும். அமுக்கினால் எழும் பஞ்சு, இழுத்தால் பிய்ந்து விடலாம். வளைவது ஒரு குணம். பாரம் தாங்குவது வேறு குணம். கிழியாமல் இருப்பது மூன்றாவது குணம்.

இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மூன்றாவது குணத்தில்தான் வீட்டாரின் கவலை இருக்கிறது. கிழிந்தால் தூசி வரும். தூசி வந்தால் மூச்சில் போகும்.

இயற்கை நூற்ற இழை

பலமான, மெல்லிய, நெருப்புக்கு அஞ்சாத இழை உலகத்துக்குப் புதிது அல்ல. இயற்கையே அப்படி ஒன்றைச் செய்து பாறைக்குள் வைத்திருந்தது. அதுதான் கல்நார். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளைக் கல்நாரின் தனி இழை சுமார் 25 நானோ மீட்டர் தடிப்புதான். நானோ என்ற பேச்சு பிறக்கும் முன்பே இருந்த நானோ இழை! நல்ல எஃகுக் கம்பியோடு போட்டி போடும் பலம். நெருப்பில் எரியாது. நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம்.

உலகம் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. கூரைத் தகடு, கப்பல் கொதிகலனுக்குப் போர்வை, கார் பிரேக், நாடக மேடைக்குத் தீத்திரை எல்லாம் அதில் செய்தார்கள்.

பலத்தை அளந்தார்கள். உஷ்ணத்தை அளந்தார்கள். லாபத்தையும் அளந்தார்கள். தூசியை மட்டும் அளக்கவில்லை.

1924-ல் இங்கிலாந்தில் ஒரு பெண் இறந்தாள். கல்நார் நூல் நூற்கும் ஆலையில் வேலை செய்தவள். வயது 33. அவளுடைய நுரையீரல் தழும்பேறிக் கெட்டியாகி இருந்ததை டாக்டர் குக் என்பவர் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். 1930-ல் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கே அறிக்கை போயிற்று. மறு ஆண்டு ஆலைகளுக்குத் தூசிக் கட்டுப்பாடு வந்தது.

ஆனால் கல்நார் நிற்கவில்லை. வியாபாரம் பெருகியது.

1960-ல் தென் ஆப்பிரிக்காவில் டாக்டர் வாக்னரும் அவரது சகாக்களும் இன்னொரு உண்மையை வெளியிட்டார்கள். நுரையீரலின் மேலுறையில் வரும் அபூர்வமான புற்று நோய் 33 பேருக்கு வந்திருந்தது. பெரும்பாலும் எல்லோரும் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியோடு தொடர்பு உள்ளவர்கள். சிலர் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்கள். சிறு வயதில் அதன் அருகே குடியிருந்தவர்கள்!

துணி துவைத்த மனைவி

1965-ல் லண்டனில் இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள், நியூஹவுசும் தாம்சனும், அதே நோய் வந்தவர்களின் கதையை விசாரித்தார்கள். ஆலைத் தொழிலாளிகள் இருந்தார்கள். அதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஆலை வாசலையே மிதிக்காத பெண்களும் இருந்தார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன? புருஷனின் வேலைச் சட்டையைத் துவைத்தார்கள்! சட்டையில் ஒட்டியிருந்த தூசி, உதறும்போது மூச்சில் போயிற்று.

இந்த நோய் உடனே வருவதில்லை. 20, 30, 40 ஆண்டுகள் கழித்தும் வரும். அதற்குள் ஆலை கை மாறியிருக்கும். முதலாளி இருக்க மாட்டார். எந்தத் தூசியால் வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

அதனால்தான் இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 1995-ல் ஒரு தீர்ப்பில், கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று சொல்லியது.

பிரிட்டன் 1999-ல் கல்நாரை முழுவதும் தடை செய்தது. டாக்டர் குக் எழுதி 75 ஆண்டுகளுக்குப் பிறகு! இந்தியாவில் கல்நார்க் கூரை இன்றும் விற்கிறது. உலகத்தில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் அதிகமானோர் கல்நாரால் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

நுரையீரலில் என்ன நடக்கிறது?

நுரையீரலுக்குள் தூசி போனால் அதை விழுங்கி அப்புறப்படுத்தக் காவல் செல்கள் இருக்கின்றன. உருண்டைத் தூசியை அவை எளிதில் விழுங்கும்.

நீண்ட இழையை அவற்றால் முழுதாக விழுங்க முடியாது. பாதி விழுங்கித் திணறும். அந்த இடம் புண்ணாகும். இழை கரையாமல் அங்கேயே கிடந்தால், புண்ணும் ஆண்டுக் கணக்கில் ஆறாது. தழும்பும் புற்று நோயும் அதிலிருந்து பிறக்கின்றன.

ஆகவே கவனிக்க வேண்டியவை மூன்று. எவ்வளவு தூசி உள்ளே போனது? இழை எவ்வளவு மெல்லியது, எவ்வளவு நீளம்? உடம்புக்குள் எவ்வளவு நாள் கரையாமல் இருக்கும்?

மெல்லியது, நீண்டது, அழியாதது. செராமிக் நானோ இழையைப் புகழ்கிறவர்கள் சொல்லும் அதே மூன்று குணங்கள்! யந்திரத்துக்கு நல்ல குணம், நுரையீரலுக்கும் நல்லதாக இருக்கும் என்று நம்பி விடலாமா?

2008-ல் எடின்பரோ விஞ்ஞானிகள் கார்பன் நானோ குழாய்களை எலிகளின் வயிற்றறைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். நீண்ட குழாய்கள் கல்நாரைப் போலவே புண் உண்டாக்கின. சுருண்ட, குட்டையான குழாய்கள் அப்படிச் செய்யவில்லை. பொருள் ஒன்றுதான், உருவம்தான் வேறு. கிரிபித் சொன்ன பாடம் நுரையீரலுக்கும் பொருந்துகிறது!

"பயமுறுத்தலாமா?"

"இப்படிப் பேசினால் நல்ல கண்டுபிடிப்பே வராதே?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

எல்லா இழையும் கல்நார் ஆகி விடாது. செராமிக் நானோ இழை நோய் தரும் என்று இப்போதே தீர்ப்புச் சொல்வது தவறு. பஞ்சில் இழைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கின்றன. உறைக்குள் மூடி வைத்தால் தூசி வெளியே வராது. தீயிலிருந்து அது காப்பாற்றப் போகும் உயிர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆனால் "கெடுதல் நிரூபணம் ஆகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று காத்திருப்பதும் தவறு. கல்நார் விஷயத்தில் நிரூபணம் சவப்பெட்டியில் வந்தது. 40 ஆண்டு கழித்து வரும் நோய்க்கு, 40 ஆண்டு கழித்துச் சட்டம் போட்டு என்ன லாபம்?

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அது கற்பனை வழி அல்ல. ஏற்கனவே நடந்து பார்த்த வழி.

கரையும் இழை

உலைகளுக்குள் போர்வையாக வைக்கும் சாதாரணச் செராமிக் இழைப் பஞ்சு பல காலமாக உண்டு. பிராணிகளிடம் நடத்திய சோதனைகளை வைத்து, அது மனிதருக்கும் புற்று நோய் உண்டாக்கக் கூடும் என்று சர்வதேசப் புற்று நோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியது. 2002-ல் வெளியான அறிக்கையிலும் அதையே உறுதி செய்தது.

உலையில் பல நாள் வெந்த பஞ்சில் இன்னோர் அபாயமும் உண்டு. அதிலுள்ள சிலிகாவில் ஒரு பகுதி படிகமாக மாறி விடுகிறது. அந்தத் தூசி நுரையீரலுக்கு நிச்சயமாகக் கெடுதல். பழைய போர்வையைப் பிய்த்தெடுக்கும் தொழிலாளிக்குத்தான் ஆபத்து அதிகம்.

அதே அறிக்கை, சுவர்களில் வைக்கும் சாதாரணக் கண்ணாடிப் பஞ்சை அந்த ஆபத்துப் பட்டியலிலிருந்து இறக்கி விட்டது. ஒரு முக்கிய காரணம், அது நுரையீரலில் நெடுநாள் தங்காமல் கரைந்து போவது.

தொழிற்சாலைகள் இதைப் புரிந்து கொண்டன. கால்சியம், மக்னீசியம் சேர்த்து, நுரையீரலின் ஈரத்தில் கரையும் உலைப் பஞ்சைச் செய்தார்கள். உஷ்ணம் தாங்குவதில் அது பழைய பஞ்சுக்குச் சற்றுக் குறைவு. ஆனாலும் பல உலைகளுக்கு அது போதும். இன்று கடைகளில் விற்கிறது.

கொஞ்சம் உஷ்ணத்தை விட்டுக் கொடுத்தார்கள். தொழிலாளியின் மூச்சைக் காப்பாற்றினார்கள். செராமிக் நானோ இழைக்கும் இந்த வழி திறந்துதான் இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது: புது இழையின் பலத்தை அறிவிக்கும் விஞ்ஞானி, அதன் தூசியையும் அறிவிக்க வேண்டும். எத்தனை தடவை மடித்தால் இழை முறிகிறது? முறிந்த துண்டு எவ்வளவு நீளம்? நுரையீரல் நீர் போன்ற திரவத்தில் அது எத்தனை நாளில் கரைகிறது? 80 பங்கு நசுக்கினாலும் எழுகிறது என்று அளக்கத் தெரிந்தவர்களுக்கு இதை அளப்பது பெரிய காரியம் அல்ல.

இரண்டாவது: எங்கே கரையும் இழை போதுமோ, அங்கே கரையாத இழைக்கு இடம் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது: இழை வெட்டும் யந்திரம் மூடியே இருக்க வேண்டும். தூசியை இழுக்கும் குழாய் வேண்டும். தொழிலாளிக்குச் சரியான முகமூடி வேண்டும். வேலைச் சட்டை ஆலையிலேயே துவைக்கப்பட வேண்டும். அது வீட்டுக்கு வரவே கூடாது.

நான்காவது: தொழிலாளியின் உடல்நலப் பதிவேடு 40 ஆண்டுகள் பத்திரமாக இருக்க வேண்டும். கல்நாருக்குச் சொன்ன நியாயம் புது இழைக்கும் பொருந்தும்.

ஐந்தாவது: இந்த இழை உள்ள பொருளின் மேல், எல்லோரும் படிக்கும் எழுத்தில் விவரம் இருக்க வேண்டும். பழுது பார்ப்பவனுக்கும் பழைய சாமான் பிரிப்பவனுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். புதுப் பொருள் செய்யும் இடத்தில் காவல் இருக்கும். பழைய பொருளைச் சுத்தியால் உடைக்கும் இடத்தில் யார் காவல்?

வீட்டார் செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. கல்நார்த் தகடு கூரையில் உடையாமல் இருக்கும்போது அதிலிருந்து வரும் தூசி குறைவு. அதை அறுப்பதும், துளையிடுவதும், உடைப்பதும்தான் பெரிய ஆபத்து. அந்தத் தூசியைக் காய்ந்த விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது. குழந்தைகளை அருகே விடக் கூடாது. இந்தப் பழக்கம் வந்து விட்டால், நாளைக்கு எந்தப் புது இழை வந்தாலும் அது கை கொடுக்கும்.

பீங்கானை வளைய வைத்தது மனித மூளையின் வெற்றி. கீறலைக் கண்டுபிடித்து, கீறலுக்கு இடம் இல்லாமல் இழையை மெலிய வைத்த சாமர்த்தியம் சாதாரணமானது அல்ல. அந்தச் சாமர்த்தியத்தில் ஒரு பங்கை, இழை முறிந்த பிறகு என்ன ஆகிறது என்று பார்ப்பதற்கும் செலவிட வேண்டும்.

பலத்தை அளந்த விஞ்ஞானம் தூசியையும் அளக்கட்டும். அந்தக் கணக்கை ஊர் அறியச் சொல்லட்டும். பிறகு வளையும் பீங்கான் தாராளமாக வரட்டும்!